மண்ணுக்கு இடம் விட்டு வரையுங்கள்: கோபுரம் கட்டுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அலுவலகக் கோபுரங்களைக் கட்டுவிக்கும் நிறுவனத்தாருக்கும், அவற்றை வரையும் கட்டடக் கலைஞர்களுக்கும், வரைபடத்தில் முத்திரை வைத்து அனுமதி தரும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். உங்களில் யாரையும் எனக்கு நேரில் தெரியாது. நீங்கள் வேலையை முடித்துச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகுதான் நான் உள்ளே வருவேன். உயரமான அலுவலகக் கட்டடங்களின் தோட்டங்களையும், லாபியில் நிற்கும் செடிகளையும் பராமரிப்பது என் வேலை. பல வருடங்களாக இதைத்தான் செய்கிறேன். உங்கள் கணினிப் படங்கள் எல்லாமே எனக்கு அத்துப்படி. கண்ணாடிக் கோபுரம், அதன் அடியில் குடை விரித்த மரங்கள், நிழலில் சிரித்தபடி நடக்கும் ஆட்கள், எங்கிருந்தோ வந்து பலூன் பிடித்து நிற்கும் ஒரு குழந்தை. இத்தனை வருடத்தில் எந்த அலுவலக வளாகத்திலும் நான் பலூனைப் பார்த்ததில்லை. அது போகட்டும். அந்த மரங்களையாவது பார்க்கலாம் என்றால், அவையும் இல்லை.

இந்த மடலில் நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தோட்டத்தையும் லாபியையும் முதல் வரைபடத்திலேயே சேர்த்து வரையுங்கள். அந்த மேசையில், நாளைக்கு அங்கே தண்ணீர் விடப்போகிறவனுக்கும் கதவருகே நிற்கப்போகிற காவலாளிக்கும் ஆளுக்கொரு நாற்காலி போடுங்கள். இதை ஏன் கேட்கிறேன் என்று சொல்ல எனக்கு நிறைய இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

ஒரு வளாகத்தில் நான் பொறுப்பேற்ற முதல் வாரம். நுழைவாயிலை ஒட்டி நல்ல உயரத்தில் வரிசையாக மரங்கள், நட்டு ஐந்தாறு மாதம் இருக்கும். இலை நுனிகள் எல்லாம் காய்ந்து பழுப்பேறி இருந்தன. தண்ணீர் போதவில்லை என்று முன்பு இருந்தவர் ஊற்று ஊற்று என்று ஊற்றியிருக்கிறார். நான் ஒரு மரத்தின் அடியில் கடப்பாரையை இறக்கினேன். முழங்கை ஆழம்கூடப் போகவில்லை, 'டங்' என்றது. கான்கிரீட். கையை விட்டுத் துழாவினால் அடியில் சேறு, அழுகிய முட்டை வாடை. வேர் காய்ந்ததால் சாகவில்லை, மூச்சு முட்டிச் செத்துக்கொண்டிருந்தது. கீழே கார் நிறுத்துமிடம். மேலே 40 சென்டிமீட்டர் மண். அதில் இருபதடி மரம். வடிகால் என்று ஒரு துளை இருந்தது, ஆனால் அது தரையின் உயரமான மூலையில் இருந்தது.

அந்த மரங்களை யார் கொன்றது? நட்டவர் 'படத்தில் இருந்ததை நட்டேன்' என்றார். நிலவடிவமைப்பாளர் 'எனக்குக் கொடுத்த ஆழம் அவ்வளவுதான்' என்றார். கட்டமைப்புப் பொறியாளரிடம் கேட்டால் 'அந்தத் தளம் அதற்கு மேல் தாங்காது' என்றார். எல்லோரும் உண்மையைத்தான் சொன்னார்கள். கணக்கைப் பாருங்கள். நனைந்த மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய இரண்டு டன் எடை வரும். நடுத்தர மரத்துக்கு ஒரு மீட்டர் ஆழமாவது வேண்டும், பெரிய மரத்துக்கு அதையும் தாண்டி ஒன்றரை மீட்டர் வரை. அதாவது சதுர மீட்டருக்கு இரண்டு முதல் மூன்று டன் வரை மண் மட்டுமே. அலுவலகத் தளம் ஒன்றை ஆட்களுக்கும் மேசைகளுக்குமாகக் கணக்கிடும்போது சதுர மீட்டருக்கு 250 முதல் 400 கிலோ வரைதான் வைத்துக்கொள்வார்கள். ஆக, மரம் என்பது கடைசியில் தூவும் அலங்காரம் இல்லை. தூணையும் அடித்தளத்தையும் தீர்மானிக்கிற சுமை. தூண்களின் இடைவெளி முடிவான பிறகு 'இங்கே நான்கு மரம்' என்று பச்சை வட்டம் போட்டால், அந்த வட்டத்துக்கு அடியில் யாரும் மண் போட முடியாது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. தோட்டம் வரும் இடத்தில் தளத்தைக் கொஞ்சம் கீழே இறக்கலாம், அப்போது மண் ஆழமாகும், நடைபாதை மட்டம் மாறாது. மரங்களைத் தூண்களுக்கு நேர் மேலே கொண்டுவரலாம். தனித்தனித் தொட்டிகளுக்குப் பதிலாக ஒரே நீளமான மண் அகழியாக விட்டால், பக்கத்து மரத்தின் இடத்தையும் வேர் பகிர்ந்துகொள்ளும். எல்லாமே எளிதான விஷயம்தான், முதல் மாதத்தில் சொன்னால். பதினெட்டாவது மாதத்தில் சொன்னால் எல்லாமே முடியாத விஷயம்.

தோக்கியோவின் வணிகப் பகுதியான ஓத்தேமாச்சியில் 2014ல் ஒரு கோபுரம் எழும்பியது. நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 3,600 சதுர மீட்டர், காடு மாதிரியே விட்டிருக்கிறார்கள். அதன் அடியில் சுரங்க ரயில் நிலையத்தோடு இணைந்த தளங்கள். அவர்கள் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோபுரம் எழும்பிக்கொண்டிருந்தபோதே, பக்கத்து மாவட்டமான சிபாவில் அதே மண் ஆழத்தில், அதே மேடு பள்ளத்தோடு ஒரு பகுதிக் காட்டை வளர்த்துப் பார்த்தார்கள். எது பிழைக்கிறது, எது எதை அமுக்குகிறது என்று சில வருடம் கவனித்துவிட்டு, அங்கே தேறிய மரங்களையும் செடிகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். வெவ்வேறு வயது மரங்கள், அடர்த்தியும் ஒரே சீராக இல்லை. ஆள் நட்டது போலத் தெரியாமல் இருப்பதற்கு அத்தனை மெனக்கெடல். கண்ணாடிச் சுவரை முழு அளவில் ஒரு துண்டு செய்து மழையடித்துச் சோதிக்கிறீர்கள் அல்லவா? தோட்டத்துக்கு மட்டும் ஒத்திகை கூடாது என்று எந்த விதியும் இல்லை.

அப்புறம், குழாய். சிரிக்காதீர்கள். நான் வேலை பார்த்த இடங்களில் தோட்டம் இருந்து குழாய் இல்லாத இடம் ஒன்றுக்கு மேற்பட்டது. சொட்டு நீர்க் குழாய் போட்டிருக்கிறோமே என்பீர்கள். சொட்டுக் குழாய் அடைக்கும், எலி கடிக்கும், கல்லைப் பெயர்த்துப் போடும் மின்சார வேலைக்காரர் அறுத்துவிடுவார். அன்றைக்கு எனக்கு ஒரு குழாய் வேண்டும், அதில் மாட்ட முப்பது மீட்டர் ரப்பர் ஹோஸ் வேண்டும், அதைச் சுருட்டி வைக்க ஓர் இடம் வேண்டும். ஒரு கட்டடத்தில் மண்வெட்டி வைக்க இடமே இல்லை. தீயணைப்புக் குழாய்ப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன், பாதுகாப்புச் சோதனையில் பிடிபட்டுத் திட்டு வாங்கினேன். அவர்கள் திட்டியது சரிதான். ஆனால் முப்பது மாடியில் ஒரு மண்வெட்டிக்கு ஒதுக்க இரண்டடிக்கு மூன்றடி அறை கிடைக்கவில்லை என்பது யார் குறை?

உயரத்தில் வைக்கும் தோட்டம் என்றால் இன்னும் மோசம். இருபதாவது மாடி மொட்டை வெளியில் மண்ணை எப்படி ஏற்றுவது என்று யாரும் யோசிக்கவில்லை. சரக்கு லிஃப்ட் பத்தொன்பதோடு நின்றுவிடும். கடைசி மாடிக்கு மூட்டையைத் தோளில் ஏற்றினோம். வாடிப்போன மரம் ஒன்றை இறக்க வேண்டியிருந்தபோது அது படிக்கட்டுத் திருப்பத்தில் திரும்பவில்லை. அங்கேயே ரம்பம் போட்டு மூன்று துண்டாக்கினோம். பளபளக்கும் அலுவலகக் கதவுக்கு வெளியே மரத்தூள் பறக்க நாங்கள் அறுத்துக்கொண்டிருந்ததை உள்ளே இருந்தவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

காற்றைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதற்கென்று படித்தவர்கள் உங்களிடமே இருக்கிறார்கள். உயரமான சுவரில் மோதும் காற்று மேலே ஒரு பங்கு போக, மீதி சுவரோடு வழிந்து தரைக்கு இறங்கும், மூலைகளில் சீறும். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஓர் உயரமான கட்டடத்தின் அடியில் 2011ல் அந்தக் காற்று ஒரு லாரியையே கவிழ்த்தது, நடந்து போன ஒருவர் அதன் அடியில் சிக்கி இறந்தார். பிறகு சாலைக்குக் குறுக்கே பெரிய காற்றுத் தடுப்புகளை எழுப்ப வேண்டி வந்தது. காற்றுச் சோதனையை முன்கூட்டிச் செய்து, அடியில் அகலமான மேடைத் தளமோ கூரை நீட்டமோ வைத்தால் இறங்கும் காற்று அங்கேயே உடையும். நீங்கள் செய்வதோ, சோதனையில் மோசமான எண் வந்ததும் அந்த இடத்தில் 'மரம் நடுக' என்று எழுதிவிடுவது. மரம் காற்றைத் தடுக்க வேண்டும் என்றால் முதலில் அது வளர வேண்டும். இடைவிடாத காற்றில் ஒரு பக்கம் மொட்டையாகி, சாய்ந்து, கம்பி கட்டி நிற்கும் மரங்களை நான் காட்டுகிறேன், வாருங்கள். ஆளை நிற்க விடாத காற்று மரத்தை மட்டும் விட்டுவிடுமா?

சரி, இப்போது மனிதர்கள். தோட்டம் பொதுமக்களுக்கு என்று சொல்லித்தான் பல இடங்களில் கூடுதல் மாடிக்கு அனுமதி வாங்குகிறீர்கள். நியூயார்க் இதை 1961லேயே சட்டமாக்கியது. ஒரு சதுர அடி திறந்தவெளி கொடுத்தால், நெருக்கமான வணிகப் பகுதிகளில் பத்து சதுர அடி வரை கூடுதலாகக் கட்டிக்கொள்ளலாம். நல்ல வியாபாரம். நாற்பது வருடம் கழித்து, 2000ல், அப்படிக் கிடைத்த 503 இடங்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 41 இடங்கள் யாருக்கும் பெரிதாகப் பயன்படாதவை என்று தெரியவந்தது. சில இடங்களில் வேலி, சில இடங்களில் பூட்டு, சில இடங்களில் பொது இடம் என்று சொல்லும் ஒரு பலகைகூட இல்லை. மாடிகள் மட்டும் ஒன்றுகூடக் குறையவில்லை.

அதே நகரில் வில்லியம் வைட் என்ற ஆய்வாளர் 1970களில் கேமராவை மாடிகளில் வைத்து, எந்த முற்றத்தில் ஆட்கள் உட்காருகிறார்கள், எதில் உட்காருவதில்லை என்று படமெடுத்துப் பார்த்தார். சிற்பம், வடிவம், பரப்பளவு என்று என்னென்னவோ காரணங்களைச் சோதித்தார். கடைசியில் கிடைத்த விடை குழந்தை சொல்வது போல இருந்தது: உட்கார இடம் இருக்கும் இடத்தில் ஆட்கள் உட்காருகிறார்கள். அவரைச் சிந்திக்க வைத்த இடங்களில் ஒன்று 1958ல் கட்டி முடிந்த சீகிராம் கோபுரத்தின் முற்றம். அதில் பெஞ்ச் எதுவும் போடவில்லை. ஆனால் ஓரத்துத் தாழ்ந்த சுவரும், நீர்த்தொட்டி விளிம்பும், படியும் உட்காரத் தோதான உயரத்தில் அமைந்துவிட்டன. மதிய வேளையில் அங்கே இடம் கிடைக்காது. பக்கத்தில் அதைவிடப் பெரிய முற்றங்கள் காலியாகக் கிடந்தன.

அவர் படங்களில் பதிந்த இன்னொன்றை நான் தினமும் நேரில் பார்க்கிறேன். நகர்த்தக்கூடிய நாற்காலி ஒன்றை வெளியில் போடுங்கள். வருகிறவர் உட்காருவதற்கு முன் அதை நான்கு விரற்கடை நகர்த்துவார். வெயிலுக்காகவும் இல்லை, நிழலுக்காகவும் இல்லை. சும்மா நகர்த்திவிட்டு, பழைய இடத்திலேயே வைத்துவிட்டும் உட்காருவார். 'இது என் இடம், நான் தேர்ந்தெடுத்தது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி. பத்து மாடி உயரத்துக்கு எழுப்பும் ஒரு சிற்பம் அந்த நிம்மதியைத் தராது. நாற்காலி திருட்டுப் போகும் என்பீர்கள். வருடத்துக்குச் சில போகும், வாங்கிப் போட வேண்டியதுதான். தரையோடு ஆணி அடித்த கிரானைட் பெஞ்ச் விலையை நினைத்தால் அது ஒன்றுமே இல்லை.

அதே நியூயார்க்கில் இருக்கும் பேலி பூங்காவைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1967ல் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு பொந்து மாதிரி இடத்தில் திறந்தார்கள். மொத்தம் சுமார் 4,200 சதுர அடி. பின்சுவரில் இருபதடி அருவி, மேலே மெல்லிய இலைகொண்ட மரங்கள், கீழே தூக்கிப்போடக்கூடிய நாற்காலிகள். அருவியின் இரைச்சல் சாலை இரைச்சலை மூடிவிடுகிறது, அதனால் பக்கத்தில் இருப்பவரோடு ரகசியம்கூடப் பேசலாம். அந்த மரங்களின் நிழல் வலை போட்டது மாதிரி விழுமே ஒழிய, இருட்டாக்காது. உங்கள் வளாகங்களில் சில லாபிகளே இதைவிடப் பெரியவை.

உங்கள் வரைபடங்களில் இதற்கு நேர்மாறாக வருவது எது தெரியுமா? தாழ்வான சுவர் ஓரங்களில் பதிக்கும் எஃகுக் குமிழ்கள். சறுக்குப் பலகைக்காரர்களுக்காக என்று சொல்கிறீர்கள். ஆனால் அதில் யாரும் உட்கார முடியாது. சாய்வான பெஞ்ச், நடுவில் கைப்பிடி போட்ட பெஞ்ச், முழங்கால் உயரத்தில் முள்செடி. ஆளை வரவேண்டாம் என்று சொல்ல எத்தனை அழகான வழிகள்! அந்த முள்செடியைக் கத்தரிப்பதும் நான்தான்.

லாபிக்கு வருகிறேன். ஒரு மழை நாளில் நான் உள்ளே செடிகளின் இலையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வயதான அம்மா குடை இல்லாமல் ஓடிவந்து கதவைத் தாண்டி நின்றார். உள்ளே நான்கு சோபா இருந்தது, எல்லாம் காலி. காவலாளி போய் 'யாரைப் பார்க்கணும்மா?' என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். 'யாரையும் இல்லப்பா, மழை விட்டதும் போயிடறேன்' என்றார் அவர். காவலாளி தயங்கித் தயங்கி மேலே கேமராவை ஒரு தடவை பார்த்தார். அப்புறம் 'கொஞ்சம் அந்தப் பக்கம் நின்னுக்கங்கம்மா' என்று தூணுக்குப் பின்னால் கை காட்டினார். சோபாவில் உட்காரச் சொல்ல அவருக்கு அதிகாரம் இல்லை, வெளியே போகச் சொல்ல மனம் இல்லை. அந்த ஏழெட்டு நிமிடத்தில் இரண்டு பேருமே கூனிக் குறுகினார்கள்.

இதைக் காவலாளியின் குணக்கேடு என்று நீங்கள் எடுத்துக்கொண்டால் நான் எழுதியது வீண். அட்டை காட்டி நுழையும் தடுப்புக் கதவுகளை எங்கே வைப்பது என்று நீங்கள் போட்ட ஒரு கோடுதான் அவரை அந்த நிலையில் நிறுத்தியது. அந்தத் தடுப்பை லிஃப்ட் வாசலுக்கு அருகே தள்ளியிருந்தால் முன்பகுதி முழுக்கத் தெருவோடு சேர்ந்திருக்கும், யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. ஹாங்காங்கில் 1985ல் கட்டிய எச்எஸ்பிசி வங்கியின் தலைமையகம் இதை இன்னும் துணிந்து செய்தது. தரைத்தளத்தை அப்படியே பொது வழியாகத் திறந்துவிட்டு, வங்கிக்குள் போக நகரும் படிகளை அதன் வயிற்றுக்குள் ஏற்றிவிட்டார்கள். வங்கி மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தின் வீட்டுப் பணிப்பெண்கள் அந்த நிழலில் அட்டை விரித்து உட்கார்ந்து பேசிப் பொழுதைக் கழிப்பார்கள். வங்கிக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

லாபிச் செடிகள் பற்றி இரண்டு வார்த்தை, இது என் சொந்தத் துறை, விட மாட்டேன். உங்கள் கண்ணுக்கு லாபி வெளிச்சமாகத் தெரிகிறது. செடிக்கு அது இருட்டு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வெயில் நேரத்தில் வெளியே 50,000 லக்ஸுக்கு மேல் இருக்கும், மேகமூட்டத்தில்கூட 10,000 வரும். லாபியில் வரவேற்பு மேசைக்கு மேல் வெளிச்சமானி வைத்துப் பார்த்தால் இருநூறு, முந்நூறு. உள்ளே வைக்கும் மரம் ஒன்று வெறுமனே உயிரோடு இருக்கவே தினம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் 1,000 லக்ஸாவது வேண்டும். வெயிலில் வளர்ந்த ஃபைகஸ் என்ற அத்தி இன மரத்தைத் திறப்புவிழாவுக்கு முந்தின நாள் கொண்டுவந்து வைக்கிறீர்கள். மூன்றாவது வாரம் தரையெல்லாம் இலை. அதற்கு நோய் எதுவும் இல்லை, வெயிலுக்கு என்று செய்த இலைகளை அது கழற்றிப் போடுகிறது. நாற்றங்காலில் பல மாதம் நிழல் வலைக்குக் கீழே பழக்கிக் கொண்டுவந்தால் இந்தக் கூத்து நடக்காது.

தோட்டத்தையே லாபிக்குள் வைத்த கட்டடம் என்றால் நியூயார்க்கில் 1967ல் வந்த ஃபோர்டு அறக்கட்டளைத் தலைமையகத்தைச் சொல்வார்கள். பன்னிரண்டு மாடி உயரத்துக்குக் கண்ணாடிக் கூடம், வரைந்தவர் கட்டடக் கலைஞர் கெவின் ரோச், தோட்டம் பேர்பெற்ற நிலவடிவமைப்பாளர் டான் கைலியுடையது. அப்படிப்பட்ட பெரியவர் தேர்ந்தெடுத்து நட்ட மரங்களிலேயே பல அந்த வெளிச்சத்தில் தேறவில்லை. பின்னால் வெப்பமண்டலச் செடிகளாக மாற்றி நட்டார்கள். எனக்கு அது ஆறுதலாக இருக்கிறது. கைலிக்கே தவறியது என்றால், என் மேலாளர் என்னிடம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தலாம்.

வாசலை ஒட்டி வைக்கும் தொட்டிகளுக்கு இன்னொரு எமன் உண்டு. உயர்ந்த கட்டடத்தின் லிஃப்ட் குழி புகைபோக்கி மாதிரி வேலை செய்யும். வெளியே குளிர்ந்தால் உள்ளிருக்கும் சூடான காற்று மேலே ஏறி, கீழே வாசல் வழியாகக் குளிர்ந்த காற்றை உறிஞ்சும். வெளியே சூடாக இருந்தால் அது தலைகீழாக நடக்கும். அதனால்தான் சுழல்கதவு. ஆனால் பெட்டி தள்ளி வருபவருக்காகப் பக்கக் கதவைத் திறந்தே வைத்திருப்பார்கள், அதன் எதிரே நிற்கும் செடி ஒரு மாதம் தாங்காது. நான் அங்கே வைத்து இழந்த செடிகளுக்குக் கணக்கே இல்லை. கடைசியில் பிளாஸ்டிக் செடி வந்துவிட்டது. அதையும் தூசி தட்டுவது நான்தான்.

செடிச் சுவரைப் பற்றிக் கேட்காதீர்கள். ஒரு நீண்ட வாரயிறுதியில் பம்ப் நின்றது. சுவரில் செங்குத்தாக, கைப்பிடி அளவு வளர்ப்புக் கலவையில் நிற்கும் செடிகள் அவை, மண்ணில் இருப்பதைப் போல இரண்டு நாள் சமாளிக்காது. திங்கட்கிழமை காலை வரவேற்பு மேசைக்குப் பின்னால் நிறுவனத்தின் பெயர் எழுத்துகள் மட்டும் பளபளத்தன, சுற்றிலும் வைக்கோல் நிறம்.

இனிச் சொல்லப்போவது மனதுக்குக் கஷ்டமானது. பறவைகள் வலசை போகும் பருவத்தில் காலை ஐந்தரைக்கு நான் முதலில் செய்வது கண்ணாடிச் சுவரின் அடியில் ஒரு சுற்று வருவது. கையில் ஓர் அட்டைப் பெட்டி. கட்டைவிரல் அளவே உள்ள பறவைகள், கண் திறந்தபடி, இன்னும் சூடு ஆறாமல் கிடக்கும். சிலது மயங்கி மட்டும் இருக்கும். பெட்டியில் இருட்டில் வைத்து மூடினால் ஒரு மணி நேரத்தில் உள்ளே படபடவென்று சத்தம் கேட்கும், கட்டடத்திலிருந்து தள்ளிக் கொண்டுபோய்த் திறந்துவிடுவேன். பெரும்பாலும் சத்தம் கேட்காது. தெளிந்த கண்ணாடி, அதற்குள்ளே விளக்கு வெளிச்சத்தில் நிற்கும் நம் மரங்கள். பறவைக்கு அது உட்காரக் கிளை. வெளியே தோட்டம், உள்ளே தோட்டம், நடுவில் கண்ணுக்குத் தெரியாத சுவர் என்று எத்தனை அழகாக நாம் பொறி வைத்திருக்கிறோம் பாருங்கள்.

சிகாகோவில் ஏரிக்கரையை ஒட்டிய மாநாட்டு மண்டபம் ஒன்றின் கண்ணாடியில் 2023 அக்டோபரில் ஒரே இரவில் ஏறத்தாழ ஆயிரம் பறவைகள் மோதிச் செத்தன. அடுத்த வருடம் அந்தக் கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் கொண்ட படலத்தை ஒட்டினார்கள். நியூயார்க் 2020லேயே, புதுக் கட்டடங்களில் தரையிலிருந்து 75 அடி வரை பறவைக்குத் தெரியும்படியான பொருள்தான் வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டது. இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளியோ கோடோ இருந்தால் போதும், இந்த இடைவெளிக்குள் நுழைய முடியாது என்று பறவை விலகிக்கொள்ளும். லாபிக்குள் நிற்கும் ஆளுக்கு அந்தப் புள்ளிகள் இரண்டாம் நாளே கண்ணில் படாது. கண்ணாடி வாங்கும்போதே சொல்லிவிட்டால் போதும். பிறகு ஒட்டுவது என்றால் ஊஞ்சல் கட்டி ஆட்கள் தொங்க வேண்டும்.

அனுமதி தரும் அதிகாரிகளே, உங்களிடம் தனியாக ஒன்று. எழுத்தில் இருப்பது மட்டுமே கடைசியில் நிற்கும். 2011ல் வால் ஸ்ட்ரீட் போராட்டக்காரர்கள் நியூயார்க்கின் சுக்கோட்டி பூங்காவில் கூடாரம் போட்டபோது, அது தனியார் இடமாக இருந்தும் இரவில் மூட முடியவில்லை. இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று அனுமதி நிபந்தனையில் பல வருடங்களுக்கு முன் எழுதியிருந்ததே காரணம். மாறாக, லண்டனில் 2015ல் திறந்த ஒரு கோபுரத்தின் உச்சித் தோட்டத்துக்குப் போக இலவசம்தான், ஆனால் முன்பதிவு செய்து சோதனை வரிசையில் நிற்க வேண்டும். அதைப் பொதுப் பூங்கா என்று சொன்னால் வாய் வலிக்கும். ஆகவே தயவுசெய்து மேலிருந்து பார்ப்பது போல வரைந்து பச்சை வண்ணம் அடித்த படத்தை மட்டும் பார்த்து முத்திரை வைக்காதீர்கள். கட்டடத்தைக் குறுக்கே வெட்டிப் பக்கவாட்டில் காட்டும் வெட்டுத்தோற்றம் கேளுங்கள். மண் ஆழம் எத்தனை, தண்ணீர்க் குழாய் எங்கே, வடிகால் எந்தப் பக்கம் சரிகிறது, திறந்திருக்கும் நேரம் என்ன, பெஞ்ச் எத்தனை மீட்டர் என்று எண்ணில் எழுதச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல் வந்து அங்கே உட்கார்ந்து பாருங்கள்.

நிறுவனத்தாருக்கும் ஒன்று. செடி நட்டவரின் பொறுப்பு வழக்கமாக ஒரு வருடத்தில் முடிகிறது. இடம் மாற்றி நட்ட பெரிய மரம் வேர் பிடித்துத் தன் காலில் நிற்க இரண்டு மூன்று வருடம் ஆகும். பதின்மூன்றாவது மாதம் அது வாடத் தொடங்கும்போது நட்டவர் போயிருப்பார், பராமரிப்பைக் குறைந்த தொகைக்கு எடுத்த யாரோ வந்திருப்பார். மூன்று வருடமாக நீட்டி ஒப்பந்தம் போட்டால், ஆழம் குறைந்த மண்ணில் மரம் வைக்க எந்த நர்சரிக்காரரும் கையெழுத்துப் போட மாட்டார். பாதிப் பிரச்சினை வரைபடத்திலேயே பிடிபடும்.

உங்கள் அடுத்த திட்டத்தின் முதல் கூட்டம் எப்போது என்று தெரிவியுங்கள். காவலாளி நண்பரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவருக்கு இரவுப் பணி, பகலில் வரச் சம்மதம் சொல்லியிருக்கிறார். நான் காலை எட்டு மணிக்குள் தண்ணீர் விட்டு முடித்துவிடுவேன். அதற்குப் பிறகு எந்த நேரம் என்றாலும் சரி. கடப்பாரையை மட்டும் வாசலில் வைத்துவிட்டு வர அனுமதி சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கோபுரங்களின் அடியில் செடி வளர்க்கும் ஒருவன்